எது ஸ்பெயின்?

ஸ்பெயின் தேசம் என்றவுடனே நம்முடைய மனக்கண் முன்னால் தோன்றுவது என்ன? காளைச் சண்டை, கையில் விசிறியும் கூந்தலில் சிவப்புப் பூவுமாகக் குதிகாலால் தரையைத் தட்டி ஆடும் ஒரு நங்கை, பக்கத்தில் கிதார் வாசிக்கும் ஓர் இளைஞன். இதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லையே என்று வாசகர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்பெயின் தேசத்துக் கிராமம் ஒன்றே, தான் ஸ்பெயினைச் சேர்ந்தது என்று காட்டிக் கொள்வதற்காக இந்த வேஷத்தைத்தான் போட்டுக் கொண்டது!

அது நடந்தது சினிமாவில். 1953-ஆம் வருஷத்தில் பெர்லாங்கா என்னும் டைரக்டர் "வருக, மிஸ்டர் மார்ஷல்!" என்று ஒரு படம் பிடித்தார். காஸ்டீல் பிரதேசத்தின் வறண்ட பூமியில் ஒரு சிற்றூர். யுத்தத்தினால் நொந்து போன ஐரோப்பிய நாடுகளுக்கு அமெரிக்கா பண உதவி செய்த சமயம். அமெரிக்கப் பிரமுகர்கள் அந்த ஊர் வழியாக வரப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. அவர்களை எப்படி வரவேற்பது? ஊருக்கு வந்திருந்த பாட்டுக்காரியின் ஏஜெண்டு ஒரு யோசனை சொல்கிறான். அமெரிக்கர்களுக்கு ஸ்பெயின் என்றால் தெற்கே உள்ள அந்தலூஸியாதான். ஆகவே அவர்கள் நினைத்து வருகிற ஸ்பெயினையே காட்டி விடுவோம் என்கிறான். அவ்வளவுதான்! காஸ்டீல் குடியானவர்கள் அந்தலூஸியத் தொப்பி வைத்துக் கொள்கிறார்கள். ஊரின் வீதியே நாடக மேடையாக மாறுகிறது. அமெரிக்கர்களிடம் ஆளுக்கு ஒரு வரம் கேட்கலாம் என்று வரிசையில் நின்று தங்கள் விருப்பத்தைப் பதிவு செய்து கொள்கிறார்கள். குறித்த நாளும் வருகிறது. மோட்டார் வண்டிகள் புழுதியைக் கிளப்பிக் கொண்டு வருகின்றன. நிற்காமலே போய் விடுகின்றன! வேஷத்துக்கு ஆன செலவை ஊரார் தங்களிடம் உள்ளதைக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

விழுந்து விழுந்து சிரிக்கத்தக்க படம் அது. ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி நெஞ்சில் தங்கி விடுகிறது. ஒரு தேசத்து ஜனங்கள் தங்கள் தேசத்தின் பெயரால் தங்களுக்குப் பொருந்தாத உடையை ஏன் அணிந்து கொள்ள வேண்டும்? அந்த உடையைத் தைத்தவர் யார்?

தையற்காரர் பெயர் பிராங்கோ. 1936-இல் தொடங்கிய உள்நாட்டு யுத்தத்தில் குடியரசை வீழ்த்தி, 1939-இல் வெற்றி பெற்று, 1975-இல் கண்ணை மூடும் வரையில் ஸ்பெயினைத் தம் கைக்குள் வைத்திருந்த தளபதி. ஒரே தேசம், ஒரே மதம், ஒரே பாஷை என்பது அவருடைய கொள்கை. ஸ்பெயினிலோ காஸ்டில்லியன் பாஷையைத் தவிர, கேடலன் என்றும் பாஸ்க் என்றும் கலீஸியன் என்றும் வேறு பாஷைகள் இருந்தன. அவை பள்ளிக்கூடங்களிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் இடமிழந்து, அடுப்பங்கரையில் ஒதுங்கின. இதில் வேடிக்கை என்னவென்றால், பிராங்கோ பிறந்ததே கலீஸியாவில்!

சர்வாதிகாரிகளுக்குச் சினிமாவின் மேல் ஒரு தனி மோகம் உண்டு. இவரோ ஒரு படி மேலே போய்த் தாமே கதை எழுதி விட்டார். ஹைமே தெ அந்திராதெ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கதை, 1942-இல் "ராஸா", அதாவது "இனம்" என்னும் பெயருடன் படமாக வெளியாயிற்று. ஒரு கப்பற்படைக் குடும்பத்தின் கதை. சகோதரர்கள் யுத்தத்தில் எதிரெதிர்க் கட்சியில் நிற்கிறார்கள். குடியரசின் பக்கம் போனவன் கடைசியில் மனம் திருந்துகிறான். வேறு எப்படி முடியும்? ஆனால் காலம் மாறிற்று. ஹிட்லரும் முஸோலினியும் மறைந்தார்கள். அமெரிக்காவின் தயவு வேண்டியதாயிற்று. 1950-இல் அதே படத்தில் பாஸிஸ்ட் வணக்கம் செய்யும் காட்சிகளை வெட்டி எடுத்து, வசனத்தையும் பெயரையும் மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். என்றும் மாறாத இனத்தின் பெருமையைச் சொல்ல வந்த படம் எட்டு வருஷத்துக்குள் மாற வேண்டியதாயிற்று!

மற்றோர் உத்தரவு 1941-இல் பிறந்தது. வெளிநாட்டுப் படம் எதுவாயினும் காஸ்டில்லியன் பாஷையில் குரல் மாற்றித்தான் காட்ட வேண்டும் என்பது அது. தேச பாஷையைக் காப்பாற்றுவதற்கு என்று சொன்னார்கள். உண்மையில் அது தணிக்கைக்காரர்களுக்குக் கிடைத்த மந்திரக் கோலாயிற்று. வசனத்தை மாற்றினால் கதையையே மாற்றி விடலாம் அல்லவா? "மொகாம்போ" என்னும் அமெரிக்கப் படத்தில் கணவனுடன் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மனைவி வேறொருவன் மேல் காதல் கொள்கிறாள். இது தர்மத்துக்கு விரோதம் என்று கருதிய ஸ்பானியத் தணிக்கைக்காரர்கள், கணவனையும் மனைவியையும் அண்ணன் தங்கையாக மாற்றி விட்டார்கள். ஆனால் திரையில் தெரியும் உருவங்கள் வசனத்துக்குக் கட்டுப்படுமா? இந்த அண்ணனும் தங்கையும் தம்பதிகளைப் போல் நடந்து கொள்வதைக் கண்டு ஜனங்கள் திகைத்தார்கள். ஒரு சிறு பாவத்தை மறைக்கப் போய்ப் பெரும் பாவத்தை உண்டாக்கியதுதான் பலன்.

இன்னொரு விளைவும் உண்டு. ஹாலிவுட் நட்சத்திரங்கள் எல்லோரும் ஜனங்களுடைய பாஷையிலே பேசத் தொடங்கியதும், சுதேசிப் படத்துக்கு இருந்த ஒரே அனுகூலமும் பறிபோயிற்று. பாஷாபிமானம் என்ற பெயரால் போட்ட உத்தரவு சுதேசிக் கலையின் காலையே வாரி விட்டது! அபிமானத்தை உத்தரவு போட்டு வளர்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுமா?

பிராங்கோ மறைந்த பிறகு, 1977-இல் சினிமாத் தணிக்கை ஒழிந்தது. 1978-இல் புதிய அரசியல் சட்டம் ஏற்பட்டது. அந்தச் சட்டத்தின் இரண்டாவது விதி விசித்திரமானது. ஸ்பெயின் பிரிக்க முடியாத ஒரே தேசம் என்று முதலில் சொல்கிறது. அதே மூச்சில், அதற்குள் அடங்கிய தேசிய இனங்களுக்கும் பிரதேசங்களுக்கும் சுயாட்சி உரிமை உண்டு என்றும் சொல்கிறது. காஸ்டில்லியன் தேச முழுவதற்கும் ஆட்சி பாஷை. மற்ற பாஷைகள் தத்தம் பிரதேசங்களில் அதனுடன் கூட ஆட்சி பாஷை. இன்று பதினேழு சுயாட்சிப் பிரதேசங்கள் இருக்கின்றன. ஒன்றா, பலவா என்ற வழக்கு அந்த ஒரு விதிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. தற்காலத்து ஸ்பானியச் சினிமாவோ அந்த வழக்கைத் திரையில் நடத்தி வருகிறது.

முதலில் பாஷையைப் பார்ப்போம். அகுஸ்தீ வில்லாரோங்கா 2010-இல் எடுத்த "கறுப்பு ரொட்டி" கேடலன் பாஷைப் படம். யுத்தத்தில் தோற்றவர்களின் குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுவனின் கதை. தோற்றவர்களை எல்லாம் மகான்களாகக் காட்டியிருந்தால் அது மற்றொரு "ராஸா"வாகி இருக்கும். வில்லாரோங்கா அப்படிச் செய்யவில்லை. தான் தெய்வமாக எண்ணியிருந்த தகப்பனாரும் மாசற்றவர் அல்ல என்பதைப் பையன் கண்டு கொள்கிறான். அவன் மனம் உடைகிற இடத்தில் நம் மனமும் உடைகிறது. ஸ்பெயினின் மிகப் பெரிய சினிமாப் பரிசான கோயா பரிசைச் சிறந்த படத்துக்காகப் பெற்ற முதல் கேடலன் பாஷைப் படம் இதுவே. 2017-இல் வெளிவந்த "ஹாந்தியா" என்னும் பாஸ்க் பாஷைப் படம் பத்துக் கோயா பரிசுகளைத் தட்டிக் கொண்டு போயிற்று.

பிறகு 2022-இல் கார்லா சிமோன் என்னும் பெண்மணி எடுத்த "அல்கர்ராஸ்" வந்தது. கேடலோனியாவில் பீச் பழத் தோட்டம் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பம். தாத்தா முதல் பேரக் குழந்தைகள் வரை எல்லோரும் அந்த மண்ணில் பாடுபடுகிறார்கள். நிலம் அவர்களுடையதுதானா? உள்நாட்டு யுத்தத்தின்போது ஜமீன்தார் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதற்காக, நிலத்தை இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வாய்ச் சொல்தான், பத்திரம் இல்லை. வாக்குக் கொடுத்தவர்கள் போய் விட்டார்கள். வாரிசு வந்து பத்திரத்தைக் காட்டு என்கிறான். மரங்களை வெட்டிவிட்டுச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளை நடப் போகிறானாம். இதில் நடித்தவர்கள் பேர்பெற்ற நட்சத்திரங்கள் அல்ல. அந்தப் பக்கத்து ஜனங்கள், தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார்கள். பெர்லின் நகரத்து விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கக் கரடிப் பரிசு கிடைத்தது.

"பிரதேசத்துக்கு ஒரு பாஷை, பாஷைக்கு ஒரு படம் என்று போனால் தேசம் என்ன ஆவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு நாம் ஒரு சிறு செய்தியையே பதிலாகச் சொல்லுவோம். அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசுப் போட்டிக்கு ஒவ்வொரு தேசமும் ஒரே ஒரு படத்தைத்தான் தன் பிரதிநிதியாக அனுப்பலாம். "கறுப்பு ரொட்டி"யையும் பின்னர் "அல்கர்ராஸ்" படத்தையும் அவ்வாறு அனுப்பியது ஸ்பெயின். எந்தப் பாஷையை அடுப்பங்கரைக்குத் துரத்தினார்களோ, அந்தப் பாஷையே தேசத்தின் குரலாக உலகத்தின் முன் போய் நின்றது. இதனால் ஸ்பெயின் குறைந்து விட்டதா? வளர்ந்தது என்பதே நம்முடைய அபிப்பிராயம்.

ஆனால் எல்லாம் சுமுகமாகி விட்டது என்று வாசகர்கள் எண்ணி விடக் கூடாது. 2017-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, கேடலோனியாவில் தனி நாடு பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அரசியல் சட்ட நீதிமன்றம் அதைத் தடை செய்திருந்தது. வாக்குச் சாவடிகளில் போலீஸாரின் தடி விளையாடிற்று. அந்தப் புண் லேசில் ஆறக் கூடியதல்ல. மேலும், பெரிய தேசியம் மட்டுமே கொடியது, சிறிய தேசியம் சாதுவானது என்று நினைப்பதும் தவறு. 2022-இல் ரொத்ரிகோ சொரொகோயென் எடுத்த "அஸ் பெஸ்தாஸ்", அதாவது "மிருகங்கள்" என்னும் படத்தைப் பார்த்தால் இது விளங்கும். கலீஸியாவின் மலைக் கிராமம் ஒன்றில் பிரெஞ்சுத் தம்பதிகள் வந்து குடியேறிப் பயிர் செய்கிறார்கள். காற்றாடி யந்திரக் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பரம்பரையாக வறுமையில் உழன்ற பக்கத்து வீட்டுச் சகோதரர்களுக்கு அந்தப் பணம் உயிர். "இது எங்கள் மண், நேற்று வந்த நீ யார் தடுக்க?" என்கிற ஆத்திரம் மெள்ள மெள்ள வளர்ந்து எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதைக் காண நெஞ்சு பதறுகிறது. டைரக்டர் யாரையும் ராக்ஷசனாக்கவில்லை. சொந்த மண் என்ற சொல்லுக்குள் அன்பும் இருக்கிறது, கத்தியும் இருக்கிறது என்று காட்டுகிறார்.

இதற்கு மாற்று மருந்து சிரிப்பு. 2014-இல் "எட்டு பாஸ்க் குலப்பெயர்கள்" என்று ஒரு ஹாஸ்யப் படம் வந்தது. செவில் நகரத்து வாலிபன் ஒருவன் பாஸ்க் பெண்ணைக் காதலித்து, அவளுடைய தகப்பனாரிடம் தானும் அசல் பாஸ்க்காரன்தான் என்று வேஷம் போடுகிறான். எட்டுக் குலப்பெயர்களைச் சொல்வதற்கு அவன் தத்தளிக்கும் காட்சியைக் கண்டு தேசமே சிரித்தது. தொண்ணூறு லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கொட்டகையில் போய்ப் பார்த்தார்கள். பாஸ்க் நாட்டுச் சுதந்திரத்தின் பெயரால் எட்டு நூறு பேருக்கு மேல் கொன்ற எட்டா என்னும் இயக்கம் ஆயுதத்தைக் கீழே வைப்பதாக அறிவித்தது 2011-இல்தான். மூன்று வருஷத்துக்குள் இரு பக்கத்தாரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து தங்களைப் பார்த்தே சிரித்தார்கள். இது சின்ன விஷயமா?

2024-இல் வந்த "47" என்னும் படம் வேறொரு வழியைக் காட்டுகிறது. தெற்கே எக்ஸ்த்ரெமதூரா பிரதேசத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள், பார்ஸிலோனா நகரத்தின் ஓரத்திலுள்ள தோர்ரே பாரோ குன்றின் மேல் இரவோடு இரவாகத் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் கொண்டார்கள். அங்கே பஸ் கிடையாது. குறுகலான செங்குத்துப் பாதையில் பஸ் ஏறாது என்றார்கள் நகராட்சி அதிகாரிகள். மனோலோ விதால் என்னும் பஸ் டிரைவர், 1978-இல் ஒரு நாள், தாம் ஓட்டிய 47-ஆம் நம்பர் பஸ்ஸையே கைப்பற்றிக் குன்றின் உச்சிக்கு ஓட்டிக் கொண்டு போய்ச் சேர்த்தார்! நடந்த கதை இது. அவர் வீட்டில் காஸ்டில்லியனும் கேடலனும் கலந்து புழங்குவதைப் படத்தில் காண்கிறோம். அவர் எந்த ஊர்க்காரர்? வந்த ஊரா, வாழ்ந்த ஊரா? பஸ் மேலே ஏறியபோது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்து விட்டது. ஓர் ஊருக்காகப் பாடுபட்டவன் அந்த ஊர்க்காரன், அவ்வளவுதான். கோயா பரிசை இப்படம் மற்றொரு படத்துடன் பகிர்ந்து கொண்டது.

இதுவரை உயிருள்ளவர்களைப் பற்றிச் சொன்னோம். தேசம் என்பது உயிருள்ளவர்கள் மட்டுமா?

காஸ்டீல் பிரதேசத்தில் பஞ்ஞுவேலோஸ் தெ புரேபா என்று ஒரு சிறு கிராமம். அந்தோனி பெனைஜெஸ் என்னும் கேடலன் வாலிபர் 1934-இல் அங்கே உபாத்தியாயராக வந்தார். தம் சொந்தப் பணத்தில் ஒரு சிறிய அச்சு யந்திரம் வாங்கி வந்து, குழந்தைகள் தங்கள் மனத்தில் தோன்றியதைத் தாங்களே எழுதித் தாங்களே அச்சிடும்படி செய்தார். அந்தக் குழந்தைகள் சமுத்திரத்தைக் கண்டதே இல்லை. சமுத்திரம் எப்படி இருக்கும் என்று அவர்கள் கற்பனை செய்து எழுதியதை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார்கள். கோடை விடுமுறையில் உங்களை என் ஊருக்கு அழைத்துப் போய்ச் சமுத்திரத்தைக் காட்டுகிறேன் என்று வாக்களித்தார் உபாத்தியாயர். அது 1936-ஆம் வருஷத்துக் கோடை. ஜூலை மாதத்தில் கலகம் மூண்டது. உபாத்தியாயரைப் பிடித்துக் கொண்டு போய்க் கொன்று விட்டார்கள். குழந்தைகள் சமுத்திரத்தைப் பார்க்கப் போகவில்லை. "சமுத்திரம் காட்டுவதாகச் சொன்ன ஆசிரியர்" என்று 2023-இல் பாத்ரீஸியா பொன்த் எடுத்த படம் இந்தக் கதையைச் சொல்லுகிறது. கேடலன் ஆசிரியர் காஸ்டீல் குழந்தைகளுக்காக உயிர் விட்டார். ஸ்பெயின் எது என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கூட அறையைக் காட்டலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரைப் போல் கொன்று பெயரில்லாத குழிகளில் தள்ளப்பட்டவர்கள் ஒரு லக்ஷத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடியரசின் பக்கத்திலும் கொலைகள் நடந்தன. ஆயிரக்கணக்கான பாதிரிமார்கள் மாண்டார்கள். ஆனால் வென்றவர்கள் தங்களைச் சேர்ந்தவர்களுக்குச் சமாதி எழுப்பி மரியாதை செய்தார்கள். தோற்றவர்களின் தாய்மார்களுக்கோ வாய் விட்டு அழுவதற்கும் அனுமதி இல்லை. 1977-இல் செய்த பொது மன்னிப்புச் சட்டம், இனிப் பழையதைப் பேச வேண்டாம் என்ற ஓர் உடன்பாட்டைப் போலாயிற்று. குழிகளைத் தோண்டுவதற்குச் சட்டத்தின் துணை 2007-இல்தான் வந்தது. 2022-இல் அது பலப்பட்டது. பெத்ரோ அல்மொதோவர் 2021-இல் எடுத்த "இணைத் தாய்மார்கள்" படத்தில், ஒரு பெண் தன் கொள்ளுப் பாட்டனார் கிடக்கும் குழியைத் தோண்ட வேண்டும் என்கிறாள். அதே சமயத்தில் தன் குழந்தை ஆஸ்பத்திரியில் மாறிப் போனது என்ற உண்மையைத் தானே மறைத்து வைத்திருக்கிறாள். தேசத்திடம் உண்மை கேட்கிறவள் தன் வீட்டில் உண்மை சொல்லத் தயங்குகிறாள்! கடைசியில் இரண்டும் வெளிவருகின்றன.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று ஸ்பெயினிலும் பலர் கேட்கிறார்கள். முள்ளை உள்ளே வைத்து மூடிய புண் ஆறுமா என்பதுதான் அதற்கு எதிர்க் கேள்வி.

முடிவாக ஒன்று. 1973-இல், பிராங்கோ உயிரோடிருந்தபோதே, விக்தோர் எரிஸே "தேன்கூட்டின் ஆவி" என்று ஒரு படம் எடுத்தார். யுத்தம் ஓய்ந்த 1940-ஆம் வருஷத்துக் கிராமம். பெரியவர்கள் யாரும் ஒன்றும் பேசுவதில்லை. ஆனா என்னும் சிறுமி மட்டும், ஒளிந்திருக்கும் வீரன் ஒருவனுக்கு ஆகாரம் கொண்டு போய்க் கொடுக்கிறாள். பெரியவர்கள் பேச அஞ்சியதை அந்தக் குழந்தையின் விழித்த கண்கள் பேசின. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2023-இல், அதே எரிஸே "கண்களை மூடு" என்று மற்றொரு படம் எடுத்தார். காணாமற்போன ஒரு நடிகர், ஞாபகம் முழுவதும் அழிந்தவராய் முதியோர் விடுதியில் இருக்கிறார். அவரைத் தேடி வரும் மகளாக நடிப்பவர், அன்றைய சிறுமி ஆனா தோரெந்தேதான். தந்தைக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. மூடிக் கிடந்த ஒரு பழைய கொட்டகையைத் திறந்து, அவர் முன்பு நடித்த படத்தை அவருக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

அவருக்கு ஞாபகம் வந்ததா? எரிஸே சொல்லவில்லை. ஆனால் அந்த இருட்டுக் கொட்டகையில், அவருக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தொப்பியும் விசிறியும் வாடகைக்கு வாங்கி அந்நியனுக்காகக் காத்திருந்த கிராமத்திலிருந்து ஸ்பெயின் இந்தக் கொட்டகைக்கு வந்து சேர எழுபது வருஷங்கள் ஆகியிருக்கின்றன. தூரம் அதிகந்தான், வீண் போகவில்லை.